விலை குறைந்த ரெட் ஒயினை ருசித்துப் பழகுவது எப்படி? ஜோடி ஜோடியாக ஒரு முழுமையான வழிகாட்டி

ரெட் ஒயினைப் புரிந்துகொள்ள விலை உயர்ந்த பாட்டில் வேண்டியதில்லை. ஒரே மேசையில் இரண்டு பாட்டில் இருந்தால் போதும். ஒரு கிளாஸைத் தனியாகக் குடிக்கும்போது 'நன்றாக இருக்கிறது', 'கொஞ்சம் துவர்க்கிறது' என்பதற்கு மேல் பெரும்பாலானவர்களுக்குச் சொல்ல வராது. பக்கத்திலேயே இன்னொன்றை வைத்து மாற்றி மாற்றி ருசித்தால், எது புளிப்பு, எது ஈறைப் பிடித்து இழுக்கிறது, எது தொண்டையில் சூடாக இறங்குகிறது என்பதெல்லாம் முதல் நாளே தெரிந்துவிடும். அதனால் இந்த வழிகாட்டி முழுவதையும் ஜோடிகளாகவே அமைத்திருக்கிறேன். ஒரு நாளைக்கு ஒரு ஜோடி, அதுவும் நாலைந்து நண்பர்கள் சேர்ந்து வாங்கினால் செலவும் குறையும், குடிக்கும் அளவும் குறையும்.

அளவைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மதுவில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் தெளிவாகவே சொல்லிவிட்டது. 14 சதவீத ஒயின் ஒரு பாட்டிலில், அதாவது 750 மில்லியில், 105 மில்லி சுத்தமான ஆல்கஹால் இருக்கிறது. ருசி பார்க்க 50 மில்லி தாராளம். ஒயின் தொழிலில் இருப்பவர்கள் வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பிவிடுவார்கள். நீங்களும் ஒரு சொம்பையோ பெரிய குவளையையோ பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், வெட்கப்பட ஒன்றும் இல்லை. கர்ப்பிணிகள், மருந்து எடுப்பவர்கள், வண்டி ஓட்டப்போகிறவர்கள் இதில் சேர வேண்டாம்.

கடையில் எதைப் பார்த்து வாங்குவது

நாம் கொடுக்கும் காசு எங்கே போகிறது என்று தெரிந்தால் தேர்வு சுலபம். ஒயினை ஊற வைக்கும் புது பிரெஞ்சு ஓக் மரப் பீப்பாய் ஒன்றின் விலை தொள்ளாயிரம் யூரோவைச் சுற்றி இருக்கும். அதில் 225 லிட்டர் பிடிக்கும், அதாவது 300 பாட்டில். பீப்பாய்க்கு மட்டுமே பாட்டிலுக்கு 3 யூரோ ஆகிவிடுகிறது. எட்டுப் பத்து யூரோவுக்கு விற்கும் ஒயினில் அது கட்டுப்படியாகாது. அதனால் பழைய பீப்பாயைத் திரும்பப் பயன்படுத்துவார்கள், இல்லாவிட்டால் எஃகுத் தொட்டியில் ஓக் பலகையோ மரச் சில்லுகளோ போட்டு ஊற வைப்பார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2006-இல் இதற்கு அனுமதி கொடுத்தது. இதில் ஏமாற்று எதுவும் இல்லை, ஆனால் மரவாசம் கொஞ்சம் மேலோட்டமாக நிற்கும்.

கண்ணாடி, மூடி, லேபிள், கப்பல் கூலி ஆகியவற்றின் செலவு மலிவு ஒயினுக்கும் விலை கூடிய ஒயினுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பிரிட்டனைப் போல ஆல்கஹால் அளவைப் பார்த்து வரி போடும் நாடுகளில் வரியும் அப்படியே. ஆகவே கடையின் ஆகக் குறைந்த விலை பாட்டிலில் உள்ளே இருக்கும் திராட்சைக்கு மிஞ்சுவது சொற்பம். அங்கிருந்து இரண்டு படி மேலே போங்கள். காசுக்குக் கிடைக்கும் தரம் அந்த இடத்தில்தான் சட்டென்று உயரும். அதற்கும் மேலே போகப் போக, பெரும்பாலும் ஊரின் பெயருக்குத்தான் காசு கொடுக்கிறோம்.

லேபிளில் முதலில் ஆல்கஹால் சதவீதத்தைத் தேடுங்கள். 12.5 என்றால் குளிர்ந்த இடத்துத் திராட்சையாக இருக்க வாய்ப்பு அதிகம், 14.5 என்றால் வெயிலில் நன்றாகப் பழுத்தது. அடுத்தது வருடம். விலை குறைந்த ரெட் ஒயினில் பெரும்பாலானவை இரண்டு மூன்று வருடத்துக்குள் குடிக்கவே செய்யப்படுபவை. அந்த வகையில் எட்டு வருடப் பழைய பாட்டில் மலிவாகக் கிடைத்தால் அதை அதிர்ஷ்டம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். திருகு மூடி மட்டம், கார்க் உயர்வு என்ற எண்ணத்தையும் பாட்டிலின் கனத்தையும் மறந்துவிடுங்கள். வெயில் படும் கண்ணாடி அலமாரியில் நிற்கும் பாட்டிலை மட்டும் எடுக்காதீர்கள். கார்க் வெளியே தள்ளியிருந்தாலோ, கழுத்தில் ஒயின் கசிந்து பிசுபிசுத்தாலோ அது சூட்டில் கெட்டிருக்கலாம்.

மேசையைத் தயார் செய்தல்

வாய் குறுகி வயிறு அகன்ற கிளாஸ் வேண்டும், எல்லாம் ஒரே வடிவத்தில் இருக்க வேண்டும். வேறு வேறு கிளாஸில் ஊற்றினால் கிளாஸைத்தான் ஒப்பிடுவீர்கள். கழுவிய சோப்பு வாசம் தங்கியிருக்கிறதா என்று வெறும் கிளாஸை ஒருமுறை முகர்ந்து பாருங்கள்.

சூட்டை நம் ஊரில் பலர் கவனிப்பதே இல்லை. 'ரெட் ஒயினை அறை வெப்பத்தில் பரிமாறு' என்ற அறிவுரை ஐரோப்பாவின் பழைய, குளிர்ந்த வீடுகளுக்கானது. சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ சிங்கப்பூரிலோ 30 டிகிரியில் ஊற்றினால் ஆல்கஹால் நெடி மட்டுமே மூக்கில் ஏறும், பழவாசம் அமுங்கிவிடும். கனமான ரெட் ஒயினுக்கு 16 முதல் 18 டிகிரி, மெல்லியதற்கு 12 முதல் 14 டிகிரி. 30 டிகிரி அறையில் இருந்த பாட்டில் அந்த நிலைக்கு வர ஃபிரிட்ஜில் ஒன்றரை மணி நேரமாவது ஆகும். அவசரம் என்றால் ஐஸும் தண்ணீரும் கலந்த வாளியில் பத்துப் பதினைந்து நிமிடம். ரொம்பவும் குளிர்ந்துவிட்டால் துவர்ப்பு தூக்கலாகிவிடும். அப்போது கிளாஸை உள்ளங்கையில் ஏந்தினால் சரியாகிவிடும்.

பாட்டில்களைக் காகிதப் பையில் மறைத்து, யாராவது ஒருவர் ஊற்றட்டும். இது வெறும் விளையாட்டில்லை. பிரான்ஸின் போர்தோவில் நடந்து 2001-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒயின் படிக்கும் மாணவர்கள் 54 பேருக்கு வாசமில்லாத சிவப்புச் சாயம் கலந்த வெள்ளை ஒயினைக் கொடுத்தார்கள். அவர்கள் அதை ரெட் ஒயினுக்கு உரிய சொற்களாலேயே விவரித்தார்கள். கண் சொன்னதை மூக்கு அப்படியே நம்பிவிடுகிறது. விலைச்சீட்டும் அதே வேலையைத்தான் செய்யும்.

பார்ப்பது, முகர்வது, ருசிப்பது

பார்ப்பதில் அதிக நேரம் செலவழிக்க வேண்டாம். வெள்ளைத் தாளின் மேல் கிளாஸைச் சாய்த்து விளிம்பைப் பாருங்கள். ஊதா என்றால் இளசு, செங்கல் நிறம் என்றால் வயது ஏறியது. கிளாஸின் உள்பக்கம் வழியும் 'கண்ணீர்' தரத்தின் அடையாளம் என்பார்கள். அது ஆல்கஹால் ஆவியாவதால் வருவது, தரத்துக்கும் அதற்கும் தொடர்பு கிடையாது.

அடுத்து மூக்கு. முதலில் கிளாஸை ஆட்டாமல் ஒருமுறை முகருங்கள். பிறகு மேசையில் வைத்தபடியே சுழற்றி, மறுபடி முகருங்கள். நீளமாக இழுக்காமல் சின்னச் சின்னதாக மூன்று நான்கு முறை இழுப்பது நல்லது. என்ன வாசம் என்று பெயர் வரவில்லையே என்று திணற வேண்டாம், வகையிலிருந்து தொடங்குங்கள். பழமா, மசாலாவா, பச்சிலையா, மரமா, மண்ணா? பழம் என்றால் பறித்ததும் வரும் வாசமா, காய்ந்ததா, ஜாம் மாதிரி காய்ச்சியதா? ராஸ்பெரியும் பிளாக் கரண்டும் நமக்குப் பழக்கமில்லை என்றால் நாவல், மாதுளை, பேரீச்சை, உலர்ந்த திராட்சை என்று நம் நினைவில் இருப்பதையே எழுதுங்கள். ஓக் மரத்திலிருந்து வரும் கிராம்பு வாசத்துக்குக் காரணம் யூஜெனால், நம் அஞ்சறைப்பெட்டிக் கிராம்பில் இருப்பதும் அதேதான். வாரத்தில் ஒருநாள் கிராம்பு, பட்டை, மிளகு ஆகியவற்றைக் கண்ணை மூடி முகர்ந்து பெயர் சொல்லிப் பழகுங்கள். எந்தப் படிப்பும் இதற்கு ஈடாகாது.

இனி வாய். ஒரு மிடறு எடுத்து ஐந்து விநாடி நாக்கின் எல்லாப் பக்கமும் படும்படி உருட்டுங்கள். பிறகு துப்புங்கள் அல்லது விழுங்குங்கள். உண்மையான வேலை இதற்குப் பிறகுதான். தலையைக் குனிந்து கவனியுங்கள். கன்னத்தின் ஓரங்களில் எச்சில் ஊறுகிறதா? எவ்வளவு வேகமாக ஊறுகிறதோ அவ்வளவு புளிப்பு அந்த ஒயினில் இருக்கிறது. நாக்கை மேல் ஈறிலும் பல்லின் பின்பக்கத்திலும் ஓட்டுங்கள். வழுக்குகிறதா, சொரசொரவென்று காய்ந்திருக்கிறதா? அந்த வறட்சி டானினின் வேலை. திராட்சைத் தோலிலும் விதையிலும் காம்பிலும் இருக்கும் டானின், எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. வழுக்குவதற்கு எதுவும் மிச்சமில்லாததால் வாய் வறள்கிறது. தொண்டையில் எரிச்சல் எவ்வளவு நேரம் நிற்கிறதோ அது ஆல்கஹால். கடைசியில், ருசி எத்தனை விநாடி தங்குகிறது என்று மனதுக்குள் எண்ணுங்கள். மலிவு ஒயினில் நல்லதையும் சுமாரையும் பிரிக்க எனக்கு மிகவும் உதவுவது இந்தக் கடைசி எண்ணிக்கைதான்.

டானினுக்கும் புளிப்புக்கும் வித்தியாசம் பிடிபடாதவர்கள் தேநீரை வைத்துப் பழகலாம். ஒரே தேயிலையை ஒரு நிமிடம், நான்கு நிமிடம், பத்து நிமிடம் என்று மூன்று கோப்பையில் ஊற வையுங்கள். பாலோ சர்க்கரையோ வேண்டாம். பத்து நிமிடக் கோப்பை ஈறில் செய்வது துவர்ப்பு. ஒரு நிமிடக் கோப்பையில் கொஞ்சம் எலுமிச்சை பிழிந்து குடித்தால் கன்னத்தில் நடப்பது புளிப்பு. இரண்டும் வாயின் வேறு வேறு இடங்களில் நடக்கின்றன என்பது அப்போது தெரியும்.

முதல் ஜோடி: போஜோலே, சிலி காபர்னே சாவிஞான்

பிரான்ஸின் போஜோலே பகுதியில் விளையும் திராட்சை காமே. பர்கண்டியின் கோமகன் பிலிப், 1395-இல் இந்தத் திராட்சையைத் தன் நிலத்திலிருந்து பிடுங்கச் சொல்லி ஆணையிட்டார். விரட்டப்பட்ட காமே, தெற்கே போஜோலேயின் கருங்கல் மண்ணில் நன்றாகவே ஊன்றிக்கொண்டது. அங்கே பல இடங்களில் குலைகளை நசுக்காமல் முழுதாக மூடிய தொட்டியில் போடுகிறார்கள். கரியமில வாயு சூழ, பழத்தின் உள்ளேயே நொதிப்பு தொடங்குகிறது. தோலும் விதையும் அதிகம் கரையாததால் துவர்ப்பு மிகக் குறைவு. சில பாட்டில்களில் வாழைப்பழ வாசம் அடிப்பதும் இந்த முறையால்தான். 'போஜோலே வில்லாஜ்' என்று லேபிள் இருப்பதை வாங்குங்கள்.

பக்கத்தில் சிலியின் காபர்னே சாவிஞானை வையுங்கள். தடித்த தோலும் சின்னப் பழமும் கொண்ட வகை என்பதால் டானின் நிறைய. முதலில் போஜோலே, பிறகு காபர்னே. மாற்றிச் செய்தால் போஜோலே தண்ணீர் மாதிரி தோன்றும். இந்த இரண்டையும் அருகருகே குடித்த பிறகு, மெலிவு, கனம் என்றால் என்ன என்று யாரும் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இரண்டாம் ஜோடி: ஒரே ஊர், மரம் படாததும் மரம் பட்டதும்

ஸ்பெயினின் ரியோஹா, குறைந்த விலைக்கு நிறையக் கற்றுக்கொடுக்கும் ஊர் என்பது என் எண்ணம். மரத்தில் எவ்வளவு காலம் இருந்தது என்பதைச் சட்டமே வரையறுத்து, பாட்டிலின் பின்பக்கச் சீட்டின் நிறத்திலேயே காட்டிவிடுகிறார்கள். பச்சை என்றால் அப்படிக் கட்டாயம் இல்லாத இளம் ஒயின். சிவப்பு என்றால் கிரியான்ஸா: இரண்டு வருடம் வைத்திருந்தது, அதில் ஓராண்டாவது ஓக் பீப்பாயில். கருஞ்சிவப்பு ரிசர்வா, மூன்று வருடம். நீலம் கிரான் ரிசர்வா, ஐந்து வருடம். வேறு பல நாடுகளில் 'ரிசர்வ்' என்ற சொல்லுக்கு இப்படிச் சட்டப் பொருள் எதுவும் கிடையாது. ஆகவே அங்கெல்லாம் அந்தச் சொல்லுக்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.

பச்சைச் சீட்டு ஒன்றும் சிவப்புச் சீட்டு ஒன்றும், முடிந்தால் ஒரே தயாரிப்பாளரிடமிருந்து வாங்குங்கள். இரண்டிலும் முதன்மையான திராட்சை டெம்ப்ரனியோ. இளம் ஒயினில் செர்ரி மாதிரி நேரடியான பழம் மட்டும் இருக்கும். கிரியான்ஸாவை முகர்ந்தால் வனிலா, கிராம்பு, சில பாட்டில்களில் லேசான தேங்காய். ரியோஹாவில் நெடுங்காலமாகப் பயன்படும் அமெரிக்க ஓக்கிலிருந்து வருவது அந்தத் தேங்காய் வாசம். ஒருமுறை இதைப் பிடித்துவிட்டால், பிறகு எந்த ஒயினிலும் பழம் எது, மரம் எது என்று பிரித்துவிடுவீர்கள்.

மூன்றாம் ஜோடி: சிரா, ஷிராஸ்

இரண்டும் ஒரே திராட்சைதான். ஜேம்ஸ் பஸ்பி 1832-இல் ஐரோப்பாவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோன கொடிகளில் இதுவும் ஒன்று. பிரான்ஸின் வடக்கு ரோன் பகுதி சிரா ஒன்றும், ஆஸ்திரேலியாவின் பரோசாவிலிருந்தோ அதைச் சுற்றிய தென் ஆஸ்திரேலியாவிலிருந்தோ ஷிராஸ் ஒன்றும் எடுங்கள். ரோனில் எர்மிட்டாஜ், கோட் ரோட்டி என்ற பெயர்கள் கைக்கு எட்டாது. 'கோலின் ரோடானியென்' என்று எழுதியிருப்பதைத் தேடுங்கள், அதே பள்ளத்தாக்கின் எளிய ஒயின் அது.

ஊற்றுவதற்கு முன் நான்கு மிளகை உரலில் ஒன்றிரண்டாக இடித்து ஒரு கிண்ணத்தில் வையுங்கள். கிண்ணத்தை முகர்ந்து, உடனே ரோன் சிராவை முகருங்கள். மிளகு வாசத்துக்குக் காரணமான ரொட்டண்டோன் என்ற பொருள்தான் சிராவிலும் இருக்கிறது என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்டார்கள். குளிர்ந்த இடத்தில் பழுத்த சிராவில் அது கூடுதலாக இருக்கும். வெயிலில் பழுத்த ஷிராஸில் மிளகு ஒதுங்கி, ஜாம் மாதிரி கரும்பழமும் சாக்லேட்டும் முன்னால் வரும். ஐந்தில் ஒருவருக்கு ரொட்டண்டோன் வாசமே தெரியாதாம். உங்கள் மேசையில் ஒருவர் 'எனக்கு ஒன்றும் வரவில்லை' என்றால் அவரை வற்புறுத்தாதீர்கள், அவர் மூக்கின் அமைப்பு அப்படி.

நான்காம் ஜோடி: சிலியின் மெர்லோ, கார்மெனெர்

போர்தோவில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஃபிலாக்ஸெரா என்ற பூச்சி கொடிகளை அழித்தபோது, கார்மெனெர் என்ற திராட்சை அங்கே கிட்டத்தட்ட இல்லாமலே போயிற்று. அதற்கு முன்பே சிலிக்குப் போன கொடிகள், மெர்லோ என்ற பெயரிலேயே மெர்லோவோடு கலந்து வளர்ந்துகொண்டிருந்தன. 1994 நவம்பரில் பிரெஞ்சுக் கொடியியல் அறிஞர் ழான்-மிஷெல் பூர்சிக்கோ ஒரு சிலித் தோட்டத்தில் நடந்துகொண்டிருந்தபோது, இது மெர்லோவே இல்லை என்று அடையாளம் கண்டார். சிலி மெர்லோ ஏன் வித்தியாசமாக ருசிக்கிறது, சில கொடிகள் ஏன் வாரக்கணக்கில் தாமதமாகப் பழுக்கின்றன என்பதற்கெல்லாம் அதில் விடை கிடைத்தது.

கார்மெனெரில் பச்சைக் குடைமிளகாய் வாசம் வரும். முழுதாகப் பழுக்கும் முன் பறித்தால் அது தூக்கலாக அடிக்கும், நன்றாகப் பழுத்தால் பின்னால் போய் புகையும் காரமுமாக நிற்கும். மெர்லோவில் பிளம் பழமும் வழவழப்பும். எனக்குக் கார்மெனெரின் அந்தப் பச்சை வாசம் மிகவும் பிடிக்கும், பலருக்குப் பிடிப்பதில்லை.

ஐந்தாவது: இத்தாலி, சாப்பாட்டோடு

கியாந்தி, மான்டெபுல்ச்சானோ தாப்ருட்ஸோ. முதலாவதில் சாஞ்ஜோவேஸே திராட்சை குறைந்தது 70 சதவீதம், புளிப்பு தூக்கல். இரண்டாவது, மான்டெபுல்ச்சானோ என்ற திராட்சையில் செய்து, கிழக்குக் கடலோரத்து அப்ருட்ஸோவிலிருந்து வருவது, கருமையும் மென்மையும் கொண்டது. தஸ்கனியில் மான்டெபுல்ச்சானோ என்றே ஓர் ஊரும் இருக்கிறது. அங்கே செய்யும் 'வீனோ நோபிலே' சாஞ்ஜோவேஸேயில் செய்வது, விலையும் அதிகம். இரண்டும் வேறு வேறு. தக்காளி நிறையச் சேர்த்த எந்தப் பதார்த்தத்தோடும் கியாந்தியைக் குடித்துப் பாருங்கள். தனியாகக் குடிக்கும்போது கூர்மையாகக் குத்திய புளிப்பு, தக்காளியின் புளிப்போடு சேர்ந்து அடங்கிவிடும்.

நம் சாப்பாட்டுக்கு இரண்டு விஷயம் நினைவில் இருந்தால் போதும். கொழுப்பும் உப்பும் துவர்ப்பைக் குறைக்கும், மிளகாய்க் காரமோ ஆல்கஹாலின் எரிச்சலையும் துவர்ப்பையும் கூட்டும். மட்டன் சுக்காவோடு 14.5 சதவீத காபர்னேயைக் குடித்தால் வாய் எரியும். அதே சுக்காவுக்கு லேசாகக் குளிர்ந்த போஜோலே அருமையாகப் பொருந்தும்.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு இறக்குமதி ஒயின் வரியால் எட்டாத விலைக்குப் போய்விடுகிறது. நாசிக்கின் ஷிராஸும் காபர்னேயும் நல்ல தொடக்கம். அங்கே ஆண்டுக்கு இருமுறை கவாத்து செய்து, மழைக்காலத்தைத் தவிர்த்து, குளிர்காலத்தில் பழத்தைப் பழுக்க வைத்து, ஜனவரி முதல் மார்ச் வரை அறுவடை செய்கிறார்கள். கம்பம் பள்ளத்தாக்கில் விளைந்து 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர் திராட்சை, மஸ்கட் ஹாம்பர்க் என்ற வகை, முக்கியமாகத் தின்பதற்கானது. அதன் வாசம் பழகியவர்களுக்கு உலகின் எந்த மஸ்கட் ஒயினும் முதல் முகர்தலிலேயே அடையாளம் தெரியும்.

கெட்டதை அறிவது

நனைந்த அட்டைப்பெட்டி வாசம் அடித்து, பழவாசமே இல்லாமல் இருந்தால் கார்க் கெட்டுவிட்டது. காற்றுப்பட வைத்தாலும் சரியாகாது, கடையில் திருப்பிக் கொடுக்கலாம். நகப்பாலிஷ் அல்லது வினிகர் நெடி தூக்கலாக இருந்தாலும் அதே முடிவு. தீக்குச்சியோ அழுகிய முட்டையோ போல வாசம் வந்தால் மட்டும் பொறுங்கள். காற்றுப்படாமல் இருந்ததால் வருவது அது, நன்றாகச் சுழற்றினால் பெரும்பாலும் போய்விடும். அடியில் படியும் கருஞ்சிவப்பு வண்டல் கெடுதல் இல்லை.

மிச்சத்தை இறுக மூடி ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாள் அதே ஜோடியை மறுபடி ருசியுங்கள். இளம் காபர்னே பெரும்பாலும் துவர்ப்பு இறங்கி இதமாகியிருக்கும், போஜோலே வாடியிருக்கும். குறிப்பேட்டில் இரண்டு நாளுக்கும் தனித்தனி வரி எழுதுங்கள். மூன்றாம் நாளைத் தாண்டினால் அது சமையலுக்கு.

ஐந்து ஜோடியும் முடிந்த பிறகு, அடுத்ததாக மால்பெக் என்ற திராட்சையின் ஒயினை எடுங்கள். பிரான்ஸின் காயோர் இதன் சொந்த ஊர். 1853-இல் மிஷெல் பூஜே என்பவர் அர்ஜென்டினாவுக்குக் கொண்டுவந்தார். காயோரில் 1956 பிப்ரவரி உறைபனி கொடிகளைப் பெரும்பாலும் கொன்றுபோட, மீண்டும் நட்டு வளர்த்தார்கள். அர்ஜென்டினாவின் மெண்டோசாவிலோ, ஆண்டிஸ் மலையடியில், ஆண்டுக்கு 200 மில்லிமீட்டர் அளவே மழை பெய்யும் வறண்ட உயரத்தில், பனி உருகிய நீரில் அது வளர்கிறது. இரண்டும் ஏறக்குறைய ஒரே விலையில் கிடைக்கும். மெண்டோசாவை அப்படியே ஊற்றலாம். காயோர் முரட்டுத் துவர்ப்பு, அதனால் ஒரு மணி நேரம் முன்பே அகன்ற ஜாடியில் ஊற்றி வையுங்கள். மூடியை மட்டும் திறந்து வைத்தால் பாட்டில் கழுத்தளவுக்குத்தான் காற்றுப் படும்.